சாமி கும்பிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள், வாழ்க்கைப்பட்டவர்கள்: அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்லுக்கட்டிக்காரன் (காரைக்குடி)

நாத்திகமும் ஒரு மதம் மாதிரி இறுகிப்போகுமா என்று மேடையில் கேட்டால் இரண்டு பக்கமும் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். அது வேண்டாம். வீட்டுக்குள் பார்த்ததை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

எங்க அப்பச்சி, அதாவது அப்பா, கறுப்புச் சட்டைக்காரர். அவரைப் பெற்ற எங்க ஐயா மூன்று வேளையும் திருநீறு பூசுகிற மனிதர். ஐயா கண்மூடிய கையோடு அப்பச்சி சாமி வீட்டைப் பூட்டிச் சாவியைத் தன் மேசைக்குள் போட்டுவிட்டார். முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்புக்குப் பங்காளிகள் சொல்லியனுப்பினால் பங்குப் பணம் போகும், ஆள் போகமாட்டார், எங்களையும் விடமாட்டார். நகைக்கடையில் தருகிற தினசரி காலண்டரின் அட்டையில் முருகன் இருந்தால், அதன்மேல் செய்தித்தாளைக் கச்சிதமாக வெட்டி ஒட்டி, தேதிக் கட்டை மட்டும் தெரிகிற மாதிரி ஆணியில் மாட்டுவார். பசை காய்கிற வரை பக்கத்திலேயே நிற்பார்.

பிள்ளையார் நோன்பு நகரத்தாரான நம்மவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று இங்கே சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்காக: திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வருவது. புதுத்துணியிலிருந்து 21 இழை எடுத்துத் திரியாக்கி, வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவில் வைத்து, நெய்விட்டு ஏற்றி, அந்தச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அது நின்றுபோனது. ஆத்தா (அம்மா) உறைமோர் வாங்குகிற சாக்கில் ஒரு தூக்குவாளியோடு பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய் இழை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். வரும் வழியிலேயே முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். ஒரு வருஷம் மேலுதட்டில் பொட்டுக் கரி ஒட்டியிருந்ததை அப்பச்சி பார்த்துவிட்டார். கத்தவில்லை. சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து, நெருப்பை விழுங்குகிற மூடத்தனம் பற்றி எங்களுக்கு ஒரு பாடமே எடுத்தார். ஆத்தா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதோடு பக்கத்து வீட்டுப் போக்குவரத்தும் நின்றது.

ஐயா காலத்தில் அன்றைக்கு இழை எடுக்காமலிருக்க வழியில்லை. அப்பச்சி காலத்தில் எடுக்க வழியில்லை. உனக்கு என்ன வேணும் என்று ஆத்தாவைக் கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்பச்சியைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். என் கல்யாணத்துக்கு ஒரு பைசா வாங்கவில்லை. தங்கச்சிகள் இருவரையும் ஊர்ப்பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கல்லூரிக்கு அனுப்பினார்.

தேவகோட்டை மருமகள்

அண்ணே, உங்க ஆத்தாவை நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்லை.

எங்க ஆயா சின்ன வயசுலயே தாலி இழந்தவுக. வெள்ளைச் சீலை, ரெண்டாங்கட்டு, அவ்வளவுதான் உலகம். கல்யாணம் காச்சின்னா முகப்புப் பக்கம் வரவே கூடாது. திருப்பூட்டு (தாலி கட்டுறது) நடக்கையில மேளச் சத்தத்தை வச்சே இப்ப இது நடக்குது, இப்ப அதுன்னு உள்ளே இருந்தபடி சொல்லுவாகளாம். அவுகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து மணவறைக்கு முன்னால நாற்காலி போட்டு உட்கார வச்சது எங்க அம்மான் (தாய்மாமன்). அவரும் கறுப்புச் சட்டைதான். வாய் நாராசமா இருக்கும், சாமியைப் பேசுறதுல ஒரு மட்டு மரியாதை கிடையாது. ஆனா அன்னைக்கு அந்தப் பந்தல்ல இருந்த பக்திமான் ஒருத்தருக்கும் அது தோணலையே. அம்மான் ‘இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்’னு இழுத்துக்கிட்டு நின்னிருந்தா ஆயா கடைசிவரை உள்ளேதான் கிடந்திருப்பாக.

இன்னொண்ணு. நகரத்தார் குடும்ப வழக்கு ஒண்ணுலதான் 1953-ல சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாதுன்னு தீர்ப்புச் சொல்லுச்சு. சடங்கு நடக்கலை, அதனால அந்தம்மா மனைவி இல்லை. அண்ணா முதலமைச்சரானப்புறம் 1967-ல சட்டத்தைத் திருத்தித்தான் அதுக்கு விடிவு வந்துச்சு. நடுவுல அத்தனை வருஷம், செல்லாதுன்னு தெரிஞ்சும் ஐயர் இல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க இருந்தாங்க பாருங்க, அவங்களுக்குப் பிடிவாதக்காரங்கன்னா பேரு? சரி, அப்படின்னா அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிச்சிருக்கு.

சிராவயல் பக்கம்

எங்க ஊர்ப் பேரைச் சொன்னாலே பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஞாபகம்தான் வரும். ஆசிரமம் நடத்தினார், 1927-இல் காந்தி தேடிவந்து பார்த்தார். பகத்சிங் லாகூர் சிறையில் 1930-இல் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையைப் பிற்பாடு தமிழாக்கிச் சிறைக்குப் போனவரும் அவர்தான். அந்தக் கட்டுரை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாததற்கு என் ஆணவம்தான் காரணமா என்று தன்னைத்தானே விசாரித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறார். தூக்குமேடை நிழலில் உட்கார்ந்திருக்கிற இருபத்துச் சொச்சம் வயசுப் பிள்ளை.

இதை எதுக்குச் சொல்கிறேன் என்றால், நான் இருந்த ஒரு கட்சியின் கிளைக் கூட்டத்தில் ஒரு தோழரை நிற்கவைத்து விளக்கம் கேட்டார்கள். குற்றம், குன்றக்குடியில் பிள்ளைக்கு முடியிறக்கியது. “என் மாமியார் வேண்டிக்கிட்டது, தோழர்” என்றார். “மாமியாரை வென்றெடுக்க முடியலைன்னா மக்களை எப்படி வென்றெடுப்பீங்க?” என்று ஒருத்தர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. நூற்பாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது எங்கள் எல்லோரையும்விட அதிக நாள் வாசலில் கிடந்தவர் அவர். பகத்சிங் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வியை அன்றைக்கு அந்த அறையில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கொழும்புக் கணக்குப்பிள்ளை மகன் (கோட்டையூர்)

எங்க அப்பச்சி கொழும்பில் கடைக் கணக்கு எழுதினார். பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் பேச்சை அங்கே கேட்டிருக்கிறார். மந்திர சக்தியை நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால்விட்டவர். அப்பச்சி பெரிய முருக பக்தர், இருந்தும் அவர்மேல் மரியாதை. காரணம் கேட்டால், “என்ன செஞ்சு காட்டினா தான் தோத்ததா அர்த்தம்னு அந்த ஆளு முன்கூட்டியே எழுதி வச்சிருந்தார்டா” என்பார். கணக்குப்பிள்ளை புத்தி, அவருக்கு அதுதான் பட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆத்திகர், நாத்திகர் யாரும் அப்படி எழுதிவைத்து நான் பார்த்ததில்லை.

புதுவயல் தமிழ் வாத்தியார் (ஓய்வு)

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவன். யூடியூப் பார்த்துப் பார்த்து நாத்திகன் ஆனவன். நான் திருவாசகம் நடத்தினால் பின்வரிசையிலிருந்து ‘ஆதாரம் இருக்கா சார்’ என்பான். ஒருநாள், “பூமிக்கு வயசு என்னப்பா?” என்றேன். “454 கோடி வருஷம்.” “நீ எண்ணினியா?” “விஞ்ஞானிங்க சொல்லியிருக்காங்க சார்.” “எனக்கு மாணிக்கவாசகர் சொல்லியிருக்கார்” என்றேன். வகுப்பே சிரித்தது.

மணிமேகலையில் இதே காட்சி உண்டு. வஞ்சி மாநகரில் அவள் ஒவ்வொரு சமயத்தாராகக் கேட்டுக்கொண்டு வருகிறாள். கடைசியில் பூதவாதி, அதாவது பொருளைத் தவிர வேறில்லை என்கிறவன். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்டு அவன் வாயை அடைக்கிறாள். பாடியவர் பௌத்தச் சார்புள்ளவர், ஆகவே பூதவாதிக்குப் பதில் பேச இடம் தரவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

எங்கள் பூதவாதி சும்மா இருக்கவில்லை. இரண்டொரு நாளில் ஒரு தாளோடு வந்தான். யுரேனியம் ஈயமாக மாறும் வேகம் தெரியும், விண்கற்களில் இருக்கும் ஈயத்தின் வகைகளை அளந்து 1956-இல் பேட்டர்சன் என்பவர் கணக்குப் போட்டார், வந்த விடை ஏறத்தாழ 455 கோடி, வேறு ஆய்வகத்தில் வேறு கல்லை வைத்துச் செய்தாலும் கிட்டத்தட்ட அதே விடைதான் வருகிறது என்று வரிசையாக எழுதியிருந்தான். கீழே, “ஐயா, நான் எண்ணவில்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம். மாணிக்கவாசகருக்கு அப்படி ஒரு வழி உண்டா?”

எனக்குத் திருவாசகம் கணக்கு அல்ல என்று ஒரு பதில் இருந்தது. சொல்லவும் செய்தேன். ஆனால் அவனைப் பிடிவாதக்காரன் என்று நான் நினைத்திருந்தது அன்றோடு போயிற்று. கேட்டால் தேடிப்போகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கல்லுக்கட்டிக்காரன்

ஐயா, குன்றக்குடிக் கதை இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே சொல்லிவிடுகிறேன். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது அடிகளார் திருநீறு பூசிவிட, அதை அழிக்காமல் இருந்தார் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். திரு.வி.க. பெரியார் வீட்டில் தங்கினபோது அவருக்குப் பெரியாரே திருநீறு எடுத்து நீட்டினார் என்றும் சொல்வார்கள். இதை எங்கள் வீட்டுத் திண்ணையில் பெருமையாக விவரித்தவர் அப்பச்சியேதான். உள்ளே ஆத்தாவுக்கும் கேட்டிருக்கும்.

பள்ளத்தூர் பேத்தி

எங்க பெரியப்பச்சி விஷயம் இதுல எந்தப் பக்கம் சேரும்னு நீங்களே சொல்லுங்க.

கோயிலுக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டார். ஆனா குலக்கோயிலுக்குக் குடும்பக் கணக்கா கட்டுற புள்ளி வரி மட்டும் நாள் தவறாம கட்டுவார். “புள்ளி இல்லைன்னா பிள்ளைக கல்யாணத்துக்குக் கோயில் மாலை வராதே”ம்பார். சரி, ஊரோட ஒத்துப் போறார்னு விட்டுட்டோம். அவர் பேரன் ஒரு பொண்ணை விரும்பினான். நம்ம பிள்ளைதான், படிச்ச பொண்ணு. இவங்க இரணியூர்க் கோயில் பிரிவு, அவங்க பிள்ளையார்பட்டிக் கோயில் பிரிவு. ரெண்டு கோயிலும் சகோதரங்க, கொள்வினை கொடுப்பினை கிடையாதுல்ல?

பெரியப்பச்சி ஒரே பேச்சா முடியாதுன்னுட்டார். “அண்ணன் தங்கச்சி முறைடா, அசிங்கம்.”

பேரன் பொறுமையாத்தான் கேட்டான்: “ஐயா, உள்ள சாமியே இல்லைன்னு நீங்கதானே சொல்லுவீக? அப்புறம் அந்த ரெண்டு கட்டடமும் எப்படி அண்ணன் தம்பி ஆச்சு?”

பட்டாலையில அத்தனை பேர் இருந்தோம். பெரியப்பச்சி மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், மாட்டினார். “அது வேற, இது வேற”ன்னார்.

பையன் பதிவாளர் அலுவலகத்துல கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கிட்டான். சாமி கும்பிடுற எங்க பெரியாத்தா போய் சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தாக. பெரியப்பச்சி போகலை. கேட்டா, கொள்கை முரண்ங்கிறார். எந்தக் கொள்கைன்னு கேட்க எங்க வீட்டுல இன்னும் யாருக்கும் தைரியம் வரலை.

தேவகோட்டை மருமகள்

பெரியாத்தாவுக்கு என் கும்பிடு. பொண்ணு மாப்பிள்ளை இப்ப எங்க இருக்காக?