கெர்னல் அப்டேட் ஆனதும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் காணவில்லை, பழைய கெர்னலில் மட்டும் தெரிகிறது

கேள்வி: மணிப்புறா

வணக்கம் நண்பர்களே. உபுண்டு 22.04 பயன்படுத்துகிறேன். நேற்று வழக்கமான அப்டேட் போட்டதில் கெர்னல் (சிஸ்டத்தின் மைய நிரல்) 5.15.0-105 இலிருந்து 5.15.0-107க்கு மாறியது. ரீபூட் செய்ததும் ஏதோ ஒரு வட்டுக்காகக் காத்திருப்பதாகத் திரையில் ஒரு வரி வந்தது. ஒன்றரை நிமிடம் அப்படியே ஓடிவிட்டு எமர்ஜென்சி மோடில் (பழுது பார்க்க மட்டும் உதவும் நிலை) போய் நின்றது.

கணினியில் இரண்டு வட்டுகள். சிஸ்டம் இருக்கும் எஸ்எஸ்டி மதர்போர்டில் நேரடியாகச் செருகியது, அதில் குறை ஒன்றும் இல்லை. காணாமல் போனது 2 டிபி ஹார்ட் டிஸ்க். மதர்போர்டில் போர்ட் போதாததால் அது ஒரு பிசிஐஇ சாட்டா கார்டில் மாட்டப்பட்டிருக்கிறது. வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கொடுத்தால் எஸ்எஸ்டி மட்டும்தான் வருகிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் அந்த டிஸ்க்கைப் பற்றி நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை, ஒரு வரிகூட இல்லை. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் முன்பு போல மவுண்ட் ஆகிறது (அடைவோடு இணைகிறது).

இந்தக் கணினியை முதலில் அமைத்தவர் வேறொருவர். என் கைக்கு வரும்போதே ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப் முழுவதும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது, அதனால் ஏடாகூடமாக எதையும் செய்யப் பயமாக இருக்கிறது.

பதில்: பழையகம்பி

சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். என் அனுபவத்தில் டிஸ்க் காணாமல் போனால் பத்தில் எட்டு கேபிள்தான். பவர் கனெக்டரையும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள்.

பதில்: முனையவாசி

பழையகம்பி, பழைய கெர்னலில் அதே கேபிளில் அதே டிஸ்க் வேலை செய்கிறதே. அப்படியானால் கேபிள், பவர், டிஸ்க் மூன்றும் விடுதலை. இன்னொன்று, கேபிள் கெட்டிருந்தால் கெர்னல் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காது. லிங்க் டவுன், லிங்க் மெதுவாகப் பதில் சொல்கிறது, ரீசெட் செய்கிறேன் என்று டிமெஸ்ஜி முழுக்கப் புலம்பித் தள்ளும். மணிப்புறா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "ஒரு வரிகூட இல்லை" என்பதுதான். டிஸ்க்கோடு பேச முயன்று தோற்றதற்கான தடயம் எதுவும் இல்லை. பேசவே யாரும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

புதிய கெர்னலில் பூட் செய்து இந்த மூன்றின் வெளியீட்டையும் போடுங்கள்:

யூநேம் -ஆர் (ஓடும் கெர்னலின் பதிப்பு)
எல்எஸ்பிசிஐ -என்என்கே (கார்டுகளும் அவற்றின் டிரைவர்களும்; சாட்டா கார்டு வரும் பகுதி மட்டும் போதும்)
எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ்

மூன்றும் படிக்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது. பயப்பட வேண்டாம்.

பதில்: இரவுப்பறவை

இதற்கு ரீபூட்கூட வேண்டாமே. /சிஸ்/கிளாஸ்/ஸ்கஸி_ஹோஸ்ட் உள்ளே ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் ஸ்கேன் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் மூன்று கோடுகளை எழுதினால் பஸ்ஸை மறுபடி தேடும், டிஸ்க் வந்துவிடும். எனக்கு வந்தது.

பதில்: முனையவாசி

அது கண்ட்ரோலர் (வட்டோடு பேசும் சில்லு, இங்கே அந்தச் சாட்டா கார்டு) வேலை செய்துகொண்டிருக்கும்போது உதவும். டிஸ்க்கைப் பிறகு செருகினால், அல்லது விர்ச்சுவல் மெஷினில் புதிதாக ஒரு டிஸ்க் சேர்த்தால், அந்த வழி சரிதான். இங்கே கார்டுக்கு டிரைவரே (அதை இயக்கும் மென்பொருள்) ஏறவில்லை என்றால் அந்தக் கார்டுக்கான ஹோஸ்ட் பட்டியலிலேயே இருக்காது. இருப்பவை மதர்போர்டு போர்ட்டுகளுக்கானவை. அவற்றை எத்தனை முறை தேடச் சொன்னாலும் கார்டின் பக்கம் எட்டிப் பார்க்காது.

பதில்: மணிப்புறா

வெளியீடு இதோ. யூநேம் 5.15.0-107-ஜெனரிக் என்கிறது. /லிப்/மாட்யூல்ஸ் உள்ளே 105, 107 என்று இரண்டு அடைவுகளும் இருக்கின்றன.

எல்எஸ்பிசிஐயில் கார்டு தெரிகிறது! மாஸ் ஸ்டோரேஜ் கண்ட்ரோலர், சிலிக்கான் இமேஜ் 3132, எண் 1095:3132. அதற்குக் கீழே சப்சிஸ்டம் என்ற வரி மட்டும் இருக்கிறது. மதர்போர்டின் சாட்டாவுக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்: ஏஎச்சிஐ" என்று வருகிறது. கார்டுக்கு அப்படி ஒரு வரியே இல்லை. பழைய கெர்னலில் பார்த்தால் அதே இடத்தில் சாட்டா_சில்24 என்று வருகிறது.

பதில்: முனையவாசி

நல்லது, இடம் பிடிபட்டுவிட்டது. பிசிஐ பஸ்ஸில் கார்டு தெரிகிறது, அதற்கு அடுத்த படியான டிரைவர் இல்லை. டிஸ்க் அதற்கும் அடுத்த படி. அதனால் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை, ஜிபார்ட்டட், எஃப்எஸ்சிகே போன்ற வட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுங்கள். டிரைவர் ஏறும்வரை டிஸ்க்கில் எதையும் எழுதவும் வேண்டாம்.

இன்று வரும் சாட்டா கார்டுகளில் பெரும்பாலானவை ஏஎச்சிஐ என்ற பொது முறையில் பேசும். அவற்றுக்கெல்லாம் ஏஎச்சிஐ டிரைவர் ஒன்றே போதும். 3132 அந்த வகை அல்ல, அதற்குத் தனி டிரைவர் வேண்டும். அதுதான் சாட்டா_சில்24. எஸ்எஸ்டி தப்பித்து இது மட்டும் மாட்டியதற்குக் காரணம் அதுதான்.

இப்போது அந்த டிரைவரின் மாட்யூல் கோப்பு (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் பகுதி) எந்த அடைவில் இருக்கிறது என்று பாருங்கள்:

ஃபைண்ட் /லிப்/மாட்யூல்ஸ் -நேம் 'சாட்டா_சில்24*'

கூடவே, நிறுவியிருக்கும் கெர்னல் பொதிகளின் (பேக்கேஜ்) பட்டியல்:

டிபிகேஜி -எல் | கிரெப் லினக்ஸ்-

பதில்: மணிப்புறா

ஃபைண்ட் ஒரே ஒரு கோப்பைக் காட்டுகிறது, 105 அடைவில். 107இல் இல்லை. புதிய கெர்னலில் இருந்து டிரைவரையே எடுத்துவிட்டார்களா?

டிபிகேஜி பட்டியலில் கண்ணில் பட்டவை: லினக்ஸ்-இமேஜ் 105, 107 இரண்டும் உண்டு. லினக்ஸ்-மாட்யூல்ஸ் 105, 107 இரண்டும் உண்டு. லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா 105 மட்டும். பிறகு லினக்ஸ்-இமேஜ்-விர்ச்சுவல் என்று ஒன்று.

பதில்: முனையவாசி

டிரைவரை யாரும் எடுக்கவில்லை. உங்கள் கடைசி இரண்டு வரிகளிலேயே பதில் இருக்கிறது.

உபுண்டு கெர்னல் மாட்யூல்களை இரண்டு பொதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அடிக்கடி தேவைப்படுபவை லினக்ஸ்-மாட்யூல்ஸில், ஏஎச்சிஐ அதில்தான் வருகிறது. மீதி வன்பொருள்களுக்கான டிரைவர்கள் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ராவில். விர்ச்சுவல் மெஷினுக்குள் நிஜமான சாட்டா கார்டு, சவுண்டு கார்டு எல்லாம் இருக்காது என்பதால் லினக்ஸ்-இமேஜ்-விர்ச்சுவல் என்ற மெட்டா பொதி (வேறு பொதிகளை இழுத்து வர மட்டும் இருப்பது) எக்ஸ்ட்ராவை இழுத்து வராது. லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் இழுத்து வரும்.

ஆளை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மெட்டா பொதிகளும் நிறுவுவது ஒரே கெர்னலைத்தான். அதனால் விர்ச்சுவல் போட்டிருந்தாலும் யூநேம் "ஜெனரிக்" என்றே சொல்லும். அதைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

உங்கள் கணினி ஒரு விர்ச்சுவல் மெஷின் இமேஜிலிருந்து பிறந்திருக்க வேண்டும். கார்டைச் செருகியபோது டிரைவர் இல்லை என்று கண்டு, அமைத்தவர் அன்றைக்கு ஓடிய கெர்னலுக்கான எக்ஸ்ட்ரா பொதியை 105 என்ற எண்ணோடு கையால் நிறுவியிருக்கிறார். பெயரிலேயே பதிப்பு எண் உள்ள பொதி அந்தப் பதிப்போடு நின்றுவிடும், அடுத்த கெர்னலுக்கு அது தானாக வராது. அன்று ஓடியது, இன்று ஓடவில்லை.

செய்ய வேண்டியது:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்

இன்ஸ்டால் பட்டியலில் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா 107 வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒய் கொடுங்கள். முடிந்ததும் ரீபூட் செய்யாமலேயே டிரைவரை ஏற்றிச் சோதிக்கலாம்:

சூடோ மோட்புரோப் சாட்டா_சில்24

அப்புறம் எல்எஸ்பிஎல்கே. 105ஐ உடனே நீக்கிவிடாதீர்கள், 107 ஒழுங்காக பூட் ஆகும்வரை அது இருக்கட்டும்.

பதில்: மணிப்புறா

வந்துவிட்டது! மோட்புரோப் கொடுத்து சில விநாடிகளில் டிஸ்க் தெரிந்தது. டிமெஸ்ஜியிலும் இப்போது லிங்க் அப் என்ற வரி வருகிறது. மவுண்ட் செய்தேன், கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ரீபூட்டுக்குப் பிறகும் சரியாக இருக்கிறது. மிக்க நன்றி.

இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் சிறு கோப்பு முறைமை) புதுப்பிக்க வேண்டுமா? தேடிய இடத்திலெல்லாம் அதைச் செய்யச் சொல்கிறார்கள்.

பதில்: முனையவாசி

உங்களுக்குத் தேவையில்லை. ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) இருக்கும் வட்டுக்கான டிரைவர் மட்டும்தான் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருந்தாக வேண்டும். உங்கள் ரூட் எஸ்எஸ்டியில் இருக்கிறது. டேட்டா டிஸ்க்குக்கான டிரைவர் ரூட் மவுண்ட் ஆன பிறகு ஏறினால் போதும்.

பதில்: தூக்கணாங்குருவி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் அப்டேட்டுக்குப் பிறகுதான் சிக்கல், ஆனால் லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. ரூட்டின் யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) இல்லை என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் என்ற புரோம்ப்டில் நிற்கிறது. பழைய கெர்னலில் ஓடுகிறது. நானும் எக்ஸ்ட்ரா பொதி போட வேண்டுமா?

பதில்: முனையவாசி

உங்களுடையது வேறு படி. சற்று முன் மணிப்புறாவிடம் இனிட்ராம்எஃப்எஸ் புதுப்பிப்பு தேவையில்லை என்றேனே, அது உங்களுக்குத்தான் தேவைப்படும். பழைய கெர்னலில் பூட் செய்து முதலில் டிஎஃப் -எச் /பூட் பாருங்கள். /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து நிரம்பிவிட்டால் புதிய கெர்னலுக்கான இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்பட்டிருக்காது. பயன்படாத மிகப் பழைய கெர்னல்களை நீக்கி இடம் உண்டாக்குங்கள், இப்போது ஓடுவதை மட்டும் தொட வேண்டாம். பிறகு:

சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே (புதிய கெர்னலின் முழுப் பெயர்)

இடம் தாராளமாக இருந்தும் இப்படியென்றால் தனி இழையில் கேளுங்கள், பயாஸில் விஎம்டி (என்விஎம்இ வட்டுகளைக் கையாளும் இன்டெல் அமைப்பு) இயங்குகிறதா என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.

பதில்: இரவுப்பறவை

மணிப்புறா, ஒரு டேட்டா டிஸ்க் வரவில்லை என்பதற்காகக் கணினியே பூட் ஆகாமல் நிற்பது அதிகப்படி. எஃப்எஸ்டேபில் (எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு) அந்த டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் (வராவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற குறிப்பு) சேர்த்துவிடுங்கள். டிவைஸ் டைம்அவுட் கொடுக்காவிட்டால் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும், அதையும் எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 என்று குறைத்துக்கொள்ளலாம். டிஸ்க்கை எஸ்டிபி என்ற சாதனப் பெயரால் எழுதியிருந்தால் யூயூஐடிக்கு மாற்றுங்கள். கார்டும் மதர்போர்டும் சேர்ந்து இருக்கும்போது எது ஏ, எது பி என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பதில்: பழையகம்பி

கேபிள் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன், சரி. ஆனால் நோஃபெயில் போடுவதற்கு முன் ஒன்று யோசிக்க வேண்டும். அது பேக்கப் டிஸ்க். அடுத்த முறை அது வராமல் கணினி சத்தமில்லாமல் பூட் ஆகிவிட்டால், இரவில் ஓடும் ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) காலியாக இருக்கும் மவுண்ட் அடைவிலேயே எழுதத் தொடங்கும். அது எஸ்எஸ்டியில்தான் போய் விழும். ரூட் நிரம்பிய பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும். டிஸ்க்கை மறுபடி மவுண்ட் செய்தால் எஸ்எஸ்டியில் எழுதியதெல்லாம் அதற்கு அடியில் மறைந்துவிடும், இடம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எமர்ஜென்சி மோடில் நிற்பது அதைவிட மேல் என்பேன்.

பதில்: மணிப்புறா

அப்படியே ஒரு ஆர்சிங்க் ஸ்கிரிப்ட் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கருவி) ஓடுகிறது. இதற்கு என்ன வழி?

பதில்: பழையகம்பி

ஸ்கிரிப்ட்டின் முதல் கட்டளையாக இதைப் போடுங்கள்:

மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப் || எக்ஸிட் 1

டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். கூடுதல் காப்பு வேண்டுமென்றால் டிஸ்க்கை அன்மவுண்ட் செய்துவிட்டு, காலி அடைவின் மேல் சூடோ சிஎச்ஆட்டர் +ஐ /பேக்கப் கொடுங்கள். ரூட் பயனரால்கூட அதற்குள் எழுத முடியாது. டிஸ்க் மவுண்ட் ஆனதும் டிஸ்க்கின் சொந்த அனுமதிகளே நடப்புக்கு வரும், எழுதுவதில் தடை இருக்காது. இரண்டையும் செய்துவிட்டு நோஃபெயில் போடுங்கள்.

பதில்: மணிப்புறா

இரண்டையும் செய்தாயிற்று. டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன், ஒன்றும் எழுதாமல் வெளியேறியது. மவுண்ட் செய்து மறுபடி ஓட்டினேன், வழக்கம்போல நகலெடுத்தது. எஃப்எஸ்டேபில் ஏற்கெனவே யூயூஐடிதான் இருந்தது, நோஃபெயிலும் டைம்அவுட்டும் மட்டும் சேர்த்தேன். தலைப்பில் "தீர்ந்தது" என்று போடலாம்.