ரியாக்ட் தளம், ஃப்ளட்டர் ஆப்: பயனர் செய்வதைத் தானாகப் பதிவு செய்ய எது சரியான வழி?

நெசவு_கோடர்:
சேலை, வேட்டி விற்கும் சின்னக் கடை எங்களுடையது. வெப் ரியாக்ட்டில், ஆப் ஃப்ளட்டரில், இரண்டிலும் தமிழ், ஆங்கிலம் என மொழி மாற்றிக்கொள்ளலாம். கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்கள் எந்த இடத்தில் நழுவுகிறார்கள் என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமாம். ஒவ்வொரு பட்டனுக்கும் கையால் ஈவென்ட் (பயனர் செய்ததைச் சொல்லும் பதிவு) எழுத ஆள் இல்லை, அதனால் கிளிக்குகளைத் தானாகப் பதியும் ஆட்டோகேப்சர் போட்டு எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். இப்போதைக்கு தளத்தில் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (ஜிஏ4), ஆப்பில் கூகுளின் ஃபயர்பேஸ் மட்டும் இருக்கின்றன. ஜிஏ4இல் சில செயல்களைத் தானாகப் பதியும் என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் ஆன் செய்தும் பட்டன் கிளிக் எதுவும் வரவில்லை. ஆப்பில் எந்தப் பக்கம் போனாலும் மெயின்ஆக்டிவிட்டி என்றே வருகிறது. ஆட்டோகேப்சர் தரும் போஸ்ட்ஹாக் என்ற சேவையைப் போட்டால் இரண்டும் தீருமா?

பச்சைமிளகாய்:
வெப்பில் தீரும், ஆப்பில் தீராது.

முதலில் அந்த என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட். பெயரைப் பார்த்து நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பக்கம் திறப்பது, 90 சதவீதம் வரை ஸ்க்ரோல் செய்வது, வேறு தளத்துக்குப் போகும் லிங்க், தளத்துக்குள் தேடுவது, யூடியூப் வீடியோ, ஃபைல் டவுன்லோட், படிவம், இவ்வளவுதான் அதன் கணக்கு. உங்கள் "கூடையில் சேர்" பட்டன் இதில் எதிலும் சேராது. ரியாக்ட் என்பதால் இன்னொன்றும் பாருங்கள்: பிரவுசர் ஹிஸ்டரி மாறும்போது பக்கப் பதிவு அனுப்பும் ஆப்ஷன் ஆனில் இருந்து, நீங்களும் ரவுட்டரிலிருந்து (பக்கம் மாற்றும் கோடிலிருந்து) கையால் அனுப்பினால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை எண்ணப்படும். ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள்.

போஸ்ட்ஹாக், ஹீப் போன்றவை ஒவ்வொரு கிளிக்கையும் எந்த எலிமென்ட், என்ன கிளாஸ், உள்ளே என்ன எழுத்து என்று எடுத்து வைக்கும். பெரிய லாபம், பின்னோக்கிப் பார்க்கலாம்: போன மாதம் யாரும் யோசிக்காத கேள்வியை இன்று கேட்டாலும் தரவு இருக்கும். ஆனால் உங்கள் தளத்தில் மொழி மாற்றும் வசதி இருக்கிறதே, பட்டன் எழுத்தை வைத்து "கூடையில் சேர்" என்று வடிகட்டினால் ஆங்கிலத்தில் பார்க்கிறவர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள். கிளாஸ் பெயரை நம்பலாம் என்றால் சிஎஸ்எஸ் மாட்யூல்ஸ் பயன்படுத்தும் இடத்தில் அதன் வாலில் ஒரு ஹாஷ் (தானாக உருவாகும் எழுத்துக் குறி) ஒட்டியிருக்கும், ஸ்டைலைத் திருத்தி பில்ட் செய்தால் அது மாறிவிடலாம், அப்போது உங்கள் ஃபனல் (படிப்படியாக எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு) சத்தமில்லாமல் பூஜ்யம் காட்டும். முக்கியமான பத்துப் பதினைந்து பட்டன்களுக்காவது மாறாத ஒரு டேட்டா ஆட்ரிபியூட் (பட்டனின் கோடில் நாமே வைக்கும் அடையாளம்) கொடுத்துவிடுங்கள்.

மொட்டைமாடி:
ஆப் பக்கத்தை நான் சொல்கிறேன். ஃப்ளட்டர் தன் பட்டன்களைத் தானே வரைந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டுக்குத் தெரிவது ஒரே ஆக்டிவிட்டி (ஆண்ட்ராய்டு கணக்கில் ஒரு திரை), அதன்மேல் ஒரே பரப்பு. அதனால்தான் ஃபயர்பேஸ் எல்லாவற்றையும் மெயின்ஆக்டிவிட்டி என்கிறது. ஆண்ட்ராய்டின் சொந்தப் பட்டன்களை (நேட்டிவ் வியூக்களை) பார்த்து கிளிக் பிடிக்கும் எஸ்டிகே (ஆப்பில் சேர்க்கும் கோடுத் தொகுப்பு) எதுவாக இருந்தாலும் இங்கே பாதிக் குருடுதான்.

உங்கள் ஃப்ளட்டர் கோடின் மெட்டீரியல்ஆப்பில் நேவிகேட்டர் அப்சர்வர்கள் என்ற இடத்தில், பக்கம் மாறுவதைக் கவனித்துப் பதியும் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ் அப்சர்வரைச் சேருங்கள். ஒவ்வொரு ரவுட்டுக்கும் (பக்கத்துக்கும்) பெயர் வைக்க வேண்டும், பெயரில்லாத ரவுட்டை அது கண்டுகொள்ளாது. கீழிருந்து எழும் பாட்டம் ஷீட், டயலாக் இரண்டும் முழுப் பக்கம் இல்லை என்பதால் தானாகப் பதிவாகாது. சைஸ் தேர்வோ முகவரியோ ஷீட்டில் இருந்தால் அங்கே கையால் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். கீழே உள்ள டேப்களை இன்டெக்ஸ்டு ஸ்டாக்கில் (ஒரே பக்கத்துக்குள் அடுக்கி) வைத்திருந்தாலும் இதே கதை. பக்கம் மாற்ற கோரவுட்டர் என்ற பேக்கேஜ் பயன்படுத்தினால், பொதுச் சட்டகமான ஷெல் ரவுட்டுக்குத் தனி அப்சர்வர் வேண்டும். இதெல்லாம் ஓடிய பிறகு தானாக வரும் ஸ்க்ரீன் பதிவை ஆப்பின் அமைப்புக் கோப்புகளான ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்டிலும் ஐஓஎஸ் இன்ஃபோ பிளிஸ்ட்டிலும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெயின்ஆக்டிவிட்டி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

சோதிக்கும்போது ஈவென்ட்களை உடனுக்குடன் காட்டும் டீபக்வியூவைத் திறந்துகொள்ளுங்கள். சாதாரணமாக ஃபயர்பேஸ் ஈவென்ட்களைச் சேர்த்துவைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் அனுப்பும். அது தெரியாமல் "வேலை செய்யவில்லை" என்று கோடை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

நெசவு_கோடர்:
நன்றி அண்ணா, ஷீட் விஷயம் இப்போதுதான் உறைத்தது, எங்கள் முகவரிப் பக்கமே ஷீட்தான். பணம் கட்டுவது தானாக வருமா? யுபிஐ அதிகம். ஃபயர்பேஸில் இன்ஆப் பர்ச்சேஸ் என்று ஒன்று தானாகப் பதிவாகிறது என்று படித்தேன்.

மொட்டைமாடி:
அது பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியாக வாங்கும் டிஜிட்டல் சரக்குக்கு. யுபிஐ என்றால் ஆள் உங்கள் ஆப்பை விட்டே வெளியே போய்விடுகிறார், கட்டிய கையோடு திரும்பி வராமலும் போகலாம். பணம் வந்ததும் பேமெண்ட் கேட்வே தானாக அனுப்பும் தகவல் (வெப்ஹுக்) உங்கள் சர்வருக்கு வரும்போது அங்கிருந்து ஈவென்ட் அனுப்புங்கள். கிளிக்கை வைத்து விற்பனை எண்ணினால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

நிரலி:
எல்லாவற்றையும் பிடிப்பது என்பதிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, கூடைக்கும் பணத்துக்கும் நடுவில் எங்கே நழுவுகிறார்கள். பொருள் பார்த்தது, கூடையில் போட்டது, செக்அவுட் தொடங்கியது, முகவரி கொடுத்தது, பணம் வந்தது. ஐந்து ஈவென்ட், ஒரு மதிய வேலை. வெப், ஆப் இரண்டிலும் ஒரே பெயர். ஆட்டோகேப்சர் இதற்கு மேல் வேடிக்கை பார்க்கத்தான், அதுவும் இலவச அளவை வேகமாகத் தின்னும். போஸ்ட்ஹாக்கில் மாதம் 10 லட்சம் ஈவென்ட் வரை காசில்லை, கண்ட இடத்தில் தட்டும் கிளிக்கெல்லாம் அதில்தான் கழியும். செக்அவுட் பக்கங்களுக்கு மட்டும் ஆன் செய்ய அலவ்லிஸ்ட் (அனுமதிப் பட்டியல்) இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

அப்புறம் முகவரி. "இந்த முகவரிக்கு அனுப்பு" என்று தட்டும் கார்டில் வாடிக்கையாளர் பெயர், தெரு, போன் எண் எல்லாம் எழுத்தாகவே இருக்கும். ஆட்டோகேப்சர் அந்த எழுத்தை அப்படியே எடுத்துப் போய்விடலாம். இன்புட் பெட்டியில் தட்டுவதை அது எடுக்காது என்பதால் எல்லாம் பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த கார்டுகளுக்கு நோ கேப்சர் கிளாஸ் போடுங்கள். ஆர்டர் பக்க யுஆர்எல்லில் போன் எண் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், கூகுள் தன் அனலிட்டிக்ஸில் போன், இமெயில் அனுப்பவே கூடாது என்கிறது. பயனர் அடையாளத்துக்கும் போன் எண் வேண்டாம், டேட்டாபேஸ் ஐடி போதும். வீட்டுக்கு ஒரே போன் என்று புழங்குகிறவர்கள் பலர், லாக்அவுட்டில் பயனர் அடையாளத்தை அழிக்கும் ரீசெட் கூப்பிடாவிட்டால் அம்மாவும் மகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

பச்சைமிளகாய்:
நிரலி சொல்லும் ஐந்தும் கட்டாயம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏன் நழுவுகிறார்கள் என்று அந்த ஐந்து சொல்லாது. கூப்பன் பெட்டியைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்களா, டெலிவரி கட்டணத்தைப் பார்த்ததும் ஓடுகிறார்களா என்பதை ஆட்டோகேப்சர்தான் காட்டும். வெப்பில் அந்த ஐந்தோடு செக்அவுட்டுக்கு மட்டும் ஆட்டோகேப்சரும், ஆப்பில் எல்லாம் கையால், அதுதான் என் ஓட்டு.

சட்டப் பக்கமும் கொஞ்சம் கவனியுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு 18 மாதம் அவகாசம். ஒப்புதல் கேட்ட பிறகே எஸ்டிகே தொடங்கும்படி இப்போதே எழுதிவைத்தால் பிறகு பிரித்து மேய வேண்டாம். பிளே ஸ்டோரின் டேட்டா சேஃப்டி படிவத்திலும் புது எஸ்டிகே எடுப்பதைச் சேர்க்க வேண்டும்.

நெசவு_கோடர்:
சரி, ஐந்து ஈவென்ட், வெப்ஹுக், அப்சர்வர் முதலில். போஸ்ட்ஹாக் செக்அவுட்டுக்கு மட்டும். ஜிஏ4ஐ எடுத்துவிடலாமா?

மொட்டைமாடி:
விளம்பரம் ஓட்டுகிறீர்கள் என்றால் இருக்கட்டும். ஆனால் இன்றே அட்மினில் டேட்டா ரிடென்ஷனை (தரவை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்பதை) பாருங்கள், மாற்றாமல் விட்டால் 2 மாதம்தான், 14 ஆக்குங்கள். கூகுளின் தரவுக் கிடங்கான பிக்குவெரி இணைப்பையும் இப்போதே கொடுங்கள், இணைத்த நாளிலிருந்துதான் தரவு போகும், பழையது வராது.