தயங்கினாரா, தடுமாறினாரா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் கீழ் பணிபுரிந்த ஒருவரைப் பற்றி ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எந்தக் கோப்பையும் இரண்டு முறையாவது படிக்காமல் கையெழுத்திட மாட்டார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'முடிவெடுப்பதில் தடுமாறுகிறார்' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்ததும் அவர் என் மேசைக்கு வந்து, "நான் தயங்கியதுண்டு, ஐயா, தடுமாறியதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலைவரை அந்த இரண்டு வினைச்சொற்களையும் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். தயங்குகிறவர் இன்னும் காலை எடுத்து வைக்கவில்லை. தடுமாறுகிறவரோ வைத்துவிட்டார், வைத்த கால் நிற்கவில்லை. 'சொல்லத் தயங்கினார்' என்றால் பேச்சு இன்னும் வாய்க்குள்ளேயே இருக்கிறது. 'சொல்லும்போது தடுமாறினார்' என்றால் அது வெளியே வந்து வழி தவறிவிட்டது. தயக்கத்தை ஒருவர் 'காட்டலாம்'. தடுமாற்றம் அவருக்கு 'ஏற்படுகிறது'. முன்னதில் அவருடைய விருப்பத்துக்கு இடமிருக்கிறது, பின்னதில் இல்லை. ஒரே சொல்லால், கவனமுள்ள ஒரு மனிதரைத் திறமையற்றவராக்கிவிட்டேன் என்பது புரிந்தது. 'தயங்குகிறார்' என்று மாற்றினேன், அதுவும் நெருடவே, 'ஆராய்ந்து முடிவெடுப்பவர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று: பழந்தமிழில் 'தயங்கு' என்பதற்கு அசைதல் என்ற பொருளோடு ஒளிர்தல் என்ற பொருளும் உண்டு, 'துளங்கு' என்பதும் அவ்வாறே. இரண்டும் எப்படி ஒரு சொல்லில் சேர்ந்தன என்று கேட்டால், எனக்குக் காற்றில் ஆடும் சுடர்தான் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

⁂

மேலே எழுதியவர் மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்தவர். நானோ, பிறர் சொல்லால் மதிப்பிடப்படும் இந்தப் பக்கத்தில் இருந்தவன். எனக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து நின்றால், ஆசிரியர்கள் மிகுந்த அன்போடுதான் 'தயங்காமல் சொல், தம்பி' என்பார்கள். நான் தயங்கவே இல்லை. விடை தெரியும், சொல்லும் ஆசையும் உண்டு, முதல் எழுத்து மட்டும் நாக்கில் பூட்டிக்கொள்ளும். தயங்காதே என்று சொல்லும்போது, நான் மனம் வைத்தால் அது சரியாகிவிடும் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது; அதைக் கேட்டதும் இன்னும் அதிகமாகத் திக்கும். 'எனக்குத் திக்கும்' என்று, 'எனக்குப் பசிக்கும்' என்பதைப் போலவே, நான்காம் வேற்றுமையில் சொல்ல முடிவது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். ஒரே ஓர் ஆசிரியை மட்டும் எதுவும் சொல்லாமல், நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

⁂

என் அனுபவம் சிறியது. இரண்டு வேலைகளுக்கு நடுவே நின்ற தோழியிடம், 'மதில்மேல் பூனையாக இருக்கிறாயே' என்றேன். ஒரு வாரம் அவள் என்னுடன் பேசவில்லை. பூனைக்கு இரண்டு பக்கமும் குதிக்க இடமிருக்கிறது. அவள் நிலையோ, எந்தப் பக்கம் போனாலும் சுடுகிற இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்குத்தான் பூனை தெரியும் போலும்.

⁂

உடல் நிலைகொள்ளாமல் ஆடுவதைச் சொல்ல வேண்டியபோது நாங்கள் பட்ட பாட்டையும் எழுதிவிடுகிறேன். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அம்மா 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்றார். நான் 'மயக்கம்' என்றேன். மருத்துவர் எழுதாமல் பேனாவை வைத்துவிட்டு, "அம்மா, சுற்றியிருப்பதெல்லாம் சுழல்கிறதா, எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, அல்லது தலை தெளிவாக இருந்தும் நடக்கும்போது மட்டும் தள்ளாடுகிறதா?" என்று நிதானமாகக் கேட்டார். முதலாவது பெரும்பாலும் உள்காதோடும், இரண்டாவது இரத்த அழுத்தத்தோடும், மூன்றாவது நரம்புகளோடோ கால்களின் வலுவோடோ தொடர்புடையதாக இருக்கக்கூடும் என்றும், எல்லாவற்றையும் மயக்கம் என்று சொல்லிவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்றும் விளக்கினார்.

அம்மா தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சற்று யோசித்துவிட்டு, "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்று, தொல்காப்பியத்தில் சொற்களுக்குப் பொருள் கூறும் பகுதியான உரியியலைச் சொல்லத் தொடங்கினார். மனம் கலங்குவதற்கும் வழங்கும் 'அலமரல்' என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் சொன்ன பொருள் சுழற்சிதான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மருத்துவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் சுழல்கிறது என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்றார்.

"இல்லை," என்றார் அம்மா. "எனக்குத் தள்ளாடத்தான் செய்கிறது."