பூச்சிமருந்துக்கு அட்ரோபின், நல்லபாம்புக்கு நியோஸ்டிக்மின். கட்டுவிரியனுக்கு ஏன் இரண்டும் எடுபடுவதில்லை?

ஏற்காடு_செவிலி:

வணக்கம். ஏற்காடு, நாகலூர் பக்கத்து காபி எஸ்டேட்டுகளில் முதலுதவி பார்க்கும் ரைட்டர்கள், மேஸ்திரிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு, செவிலியர்களுக்குத் தனியாக ஒன்று என்று தயார் செய்துகொண்டிருக்கிறேன். செவிலியர் குறிப்பில் ஓர் இடம் பிடிபடவில்லை.

ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியைத் தடுக்கிறது. தசை செயலிழந்து மூச்சு நிற்கிறது. நியோஸ்டிக்மினும் அதே நொதியைத்தான் தடுக்கிறது. ஆனால் நல்லபாம்பு கடித்து மூச்சுத் தசை செயலிழப்பவருக்கு அதையே ஊசியாகப் போடுகிறோம். கட்டுவிரியன் கடிக்கு அது பயன்படாது என்றும் புத்தகத்தில் இருக்கிறது. மூன்று பேருக்கும் கண் இமை தொங்குகிறது, மூச்சு நிற்கிறது. மருந்து மட்டும் ஏன் இப்படி மாறுகிறது? பூச்சிமருந்து பட்டவருக்கு அட்ரோபின் எவ்வளவு கொடுத்தாலும் கை கால் பலவீனம் தீராதது ஏன்?

மருந்தியல்_சேலம்:

சிஸ்டர், நொதியை மட்டும் வைத்துப் பார்த்தால் முரணாகத்தான் தெரியும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

நரம்பில் வரும் மின்தூண்டல் முனையைத் தொட்டதும் அங்குள்ள கால்சியம் வாயில்கள் திறக்கும். கால்சியம் உள்ளே போனால்தான் அசிட்டைல்கோலின் நிரம்பிய நுண்பைகள் முனைச் சவ்வோடு சேர்ந்து, இருப்பதை வெளியே கொட்டும். அது சுமார் 50 நானோமீட்டர் இடைவெளியைத் தாண்டி, தசைப் பக்கத்து நிக்கோட்டினிக் ஏற்பியில் உட்காரும். ஓர் ஏற்பி திறக்க இரண்டு மூலக்கூறுகள் வேண்டும். திறந்ததும் சோடியம் பாய்ந்து தசை சுருங்கும். ஒரு மில்லிசெகண்டுக்குள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் எல்லாவற்றையும் வெட்டி இடத்தைக் காலி செய்துவிடும்.

நல்லபாம்பு நஞ்சு தசைப் பக்கத்து ஏற்பியில் அசிட்டைல்கோலின் உட்காரும் அதே இடத்தில் உட்காருகிறது. நரம்பு முனை நன்றாக இருக்கிறது, அசிட்டைல்கோலினும் வருகிறது. உட்கார இடம்தான் இல்லை. நியோஸ்டிக்மின் நொதியைத் தடுத்தால் அசிட்டைல்கோலின் அதிக நேரம் தங்கி, மிச்சமிருக்கும் காலி ஏற்பிகளைத் திரும்பத் திரும்பத் திறக்கும். ஏற்பிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு அடைபட்ட பிறகுதான் பலவீனமே வெளியில் தெரியும். அந்த விளிம்பில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூடினாலும் மூச்சு திரும்பும். நஞ்சின் சில வகைகள் ஏற்பியை விட்டு எளிதில் கழலாது; ஆகவே நல்லபாம்பு கடித்த எல்லோருக்கும் ஒரே அளவு பலன் வராது.

கட்டுவிரியனின் பீட்டா-பங்காரோடாக்சின் நரம்பு முனையையே சிதைக்கிறது. நுண்பைகள் தீர்ந்துபோய் முனை அழிகிறது. அசிட்டைல்கோலினே வெளியே வராதபோது அதை வெட்டும் நொதியைத் தடுத்து என்ன பயன்? முனை மறுபடி வளர நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும்.

பூச்சிமருந்தில் கதை தலைகீழ். அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறித் தேங்குகிறது. ஏற்பி மூடவே இல்லை. தசை முதலில் துடிக்கும், பிறகு சோடியம் வாயில்கள் செயலற்றுப்போய்த் தளரும். இவருக்கு நியோஸ்டிக்மின் போட்டால் விஷத்தோடு விஷத்தைச் சேர்த்ததாகும். இரண்டும் நொதியைப் பிடிக்கும் உறுதியும் வேறு. நியோஸ்டிக்மின் கார்பமேட் வகை, சில மணி நேரத்தில் தானே விட்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட் விடாது, நேரம் போகப் போக அந்தப் பிணைப்பு இறுகும். இதைத்தான் ஏஜிங் என்கிறோம். இறுகிய பிறகு, நொதியை விடுவிக்கும் மாற்று மருந்தான பிராலிடாக்சிமாலும் பிரிக்க முடியாது. டைமீத்தைல் வகையில் (மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட்) நொதியில் பாதி சுமார் 4 மணி நேரத்திலேயே இறுகிவிடும். டைஈத்தைல் வகையில் (குளோர்பைரிபாஸ்) அதற்குச் சுமார் 33 மணி நேரம் இருக்கிறது.

அட்ரோபின் மஸ்கரினிக் ஏற்பியை மட்டும்தான் மூடும்: எச்சில், வியர்வை, நுரையீரல் சளி, இதயத் துடிப்பு. எலும்புத் தசையில் இருப்பது நிக்கோட்டினிக். அட்ரோபினுக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அதுதான்.

அவசரப்பிரிவு_அஸ்தம்பட்டி:

மேலே சொன்னது சரி. படுக்கையருகில் எப்படிப் பிரிப்பது என்று சேர்க்கிறேன்.

வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, ஊசிமுனைக் கருவிழி, கன்னத்திலும் தொடையிலும் தோலுக்கடியில் தசை துடிப்பு, பூண்டு அல்லது மண்ணெண்ணெய் வாடை என்றால் பூச்சிமருந்து. தரையில் படுத்துத் தூங்கியவர், விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தொங்கல், விழுங்க முடியாமை, ஆனால் வியர்வையோ நுரையோ இல்லை என்றால், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினையுங்கள். விழுங்க முடியாமல் எச்சில் வழிவதைப் பார்த்துப் பூச்சிமருந்து என்று ஏமாற வேண்டாம்; தொண்டை தளர்ந்தாலும் எச்சில் தேங்கும். நல்லபாம்பு கடியில் கடித்த இடம் பெரும்பாலும் வீங்கி வலிக்கும்.

நியோஸ்டிக்மின் சோதனை: முதலில் அட்ரோபின் 0.6 மி.கி. நரம்பு வழி. அதன்பின் நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. தசையில், 0.5 மி.கி. ஆம்பூல் என்றால் மூன்று. அட்ரோபின் போடாமல் விட்டால் இதயத் துடிப்பு குறையும், சளி கூடும். ஒரு மணி நேரம், 10 நிமிடத்துக்கு ஒருமுறை நான்கைக் குறியுங்கள்: ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார், மேல்-கீழ் முன்பற்களுக்கு இடையே வாய் எத்தனை மி.மீ. திறக்கிறது, இமைக்குக் கீழே கருவிழி எத்தனை மி.மீ. தெரிகிறது, எத்தனை விநாடி மேலே பார்க்க முடிகிறது. 'கொஞ்சம் பரவாயில்லை' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒன்றும் புரியாது. முன்னேற்றம் இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை நியோஸ்டிக்மின் 0.5 மி.கி., கூடவே அட்ரோபின். மூன்று தடவைக்கும் பலன் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) இரண்டு பாம்புக்கும் ஒன்றுதான்: 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். நரம்புப் பாதிப்பு குறையாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு 10. 20-க்கு மேல் நரம்புப் பாதிப்புக்குப் பயனில்லை. குழந்தைக்கும் இதே எண்ணிக்கை. நஞ்சின் அளவு ஆளைப் பொறுத்து மாறுவதில்லை. அட்ரினலின் 0.5 மி.கி. தொடைத் தசையில் போடத் தயாராகப் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தைக்கு மட்டும் எடைக்குத் தகுந்த அளவு. ஏ.எஸ்.வி. ரத்தத்தில் சுற்றும் நஞ்சைப் பிடிக்கும், முனையில் புகுந்து சிதைத்ததைத் திருப்பாது. வென்டிலேட்டரில் இருக்கும் கட்டுவிரியன் நோயாளியின் கருவிழி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்து மூளை போய்விட்டது என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. அவருக்கு நாம் பேசுவது காதில் விழும். பெயர் சொல்லிப் பேசுங்கள், தூக்க மருந்து கொடுங்கள்.

மலையில் இருக்கும் பச்சைக் குழிவிரியனுக்கு நம் ஏ.எஸ்.வி. வேலை செய்யாது, அது இமையைத் தொங்கவிடும் பாம்பும் அல்ல.

ஏற்காடு_செவிலி:

மிக்க நன்றி சார். நியோஸ்டிக்மின் குழப்பம் தீர்ந்தது. அட்ரோபின் எவ்வளவு என்பதில்தான் பயிற்சிக்கு வருபவர்கள் பயப்படுகிறார்கள். '0.6 மி.கி. ஆம்பூல் மூன்றைப் போட்டால் அதிகமாகிவிடாதா' என்கிறார்கள்.

அவசரப்பிரிவு_அஸ்தம்பட்டி:

அதிகமாகாது சிஸ்டர். மூன்றோடு நிறுத்துவதுதான் ஆபத்து. 1.8 மி.கி. கொடுத்து 5 நிமிடம் பாருங்கள். நுரையீரலில் சளிச் சத்தம் குறையவில்லை என்றால் இரட்டிப்பு: 3.6. மறுபடி 5 நிமிடம், 7.2. நெஞ்சு தெளிவாகி, துடிப்பு 80-க்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் வறட்சி வரும்வரை இப்படியே. மேலே சொன்ன கணக்கில் மொத்தம் 12.6 மி.கி. ஆகிறது. அதில் 10 முதல் 20 சதவீதம், அதாவது மணிக்கு 1.3 முதல் 2.5 மி.கி. தொடர் சொட்டாக ஓடட்டும். கருவிழி விரிவதைக் குறியாக வைக்காதீர்கள். பிதற்றல், காய்ச்சல், குடல் சத்தம் இல்லாமை, சிறுநீர் அடைப்பு வந்தால் அதிகமாகிவிட்டது. சொட்டை நிறுத்தி, தணிந்ததும் குறைத்துத் தொடங்குங்கள். வலது நுரையீரலின் அடியில் மட்டும் சத்தம் இருந்தால் அது வாந்தி உள்ளே போனதாக இருக்கலாம். அதற்கு அட்ரோபினைக் கூட்டாதீர்கள்.

பிராலிடாக்சிம் 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி./கிலோ என்றால் 1.8 கிராம், 20 முதல் 30 நிமிடத்தில் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் தொண்டை இறுகி, இதயமே நிற்கலாம். பிறகு மணிக்கு 8 மி.கி./கிலோ. இதன் பலனில் ஒருமித்த முடிவு இல்லை: பாராமதியில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு நன்மை கண்டது, 2009-ல் வெளியான இலங்கை ஆய்வு காணவில்லை. சீக்கிரம் வந்தவருக்குக் கொடுப்பதே என் சாய்வு, ஆனால் அதற்காக அட்ரோபின் ஒரு நிமிடம்கூடத் தாமதமாகக் கூடாது.

கழுத்து! முதல் நாள் நன்றாகப் பேசி, காபி குடித்தவருக்கு 24 முதல் 96 மணி நேரத்துக்குள் மூச்சு நிற்கலாம். முதல் அறிகுறி, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது. நான்கு மணிக்கு ஒருமுறை தூக்கச் சொல்லிப் பாருங்கள், எழுதுங்கள். இதற்கும் அட்ரோபின் உதவாது, வென்டிலேட்டர்தான்.

மயக்கவியல்_சூரமங்கலம்:

மூச்சுக்குழாயில் டியூப் போடும் நேரத்தில் நடக்கும் பிழை ஒன்றைச் சேர்க்கிறேன். அப்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலினைச் சிதைப்பது பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். பூச்சிமருந்து அதையும் தடுத்துவிடுகிறது. 5 முதல் 10 நிமிடத்தில் தீர வேண்டிய தளர்வு மணிக்கணக்கில் நீளும். அதற்குப் பதில் ரோகுரோனியம் எடுங்கள், அசிட்டைல்கோலின் தேங்கியிருப்பதால் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம்.

சேலத்தில் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆரிய வைசியக் குடும்பங்களில் இந்த நொதி பரம்பரையாகவே மிகக் குறைவாக இருப்பது கோயம்புத்தூர் ஆய்வில் பதிவானது. நொதிப் புரதத்தின் 307-ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின். எந்த விஷமும் இல்லாமல் சாதாரண அறுவை சிகிச்சைக்கு வந்தாலும் சக்சினைல்கோலினுக்குப் பிறகு மூச்சு திரும்பப் பல மணி நேரம் ஆகும். 'வீட்டில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பிறகு மூச்சு வரத் தாமதமானதா' என்று எல்லோரையும் கேளுங்கள். நடந்துவிட்டால் தூக்க மருந்தோடு வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் போதும்.

கட்டுவிரியன் நோயாளிக்கு நிமோனியா என்று ஜென்டாமைசின், அமிகாசின் எழுதிவிடுகிறார்கள். அமினோகிளைகோசைடு வகையான இவை நரம்பு முனையின் கால்சியம் வாயிலைத் தடுக்கும். மெக்னீசியமும் அப்படியே. மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச அசிட்டைல்கோலினும் நின்றுவிடும். வேறு ஆன்டிபயாட்டிக் கேளுங்கள்.

ஏற்காடு_செவிலி:

கடைசியாக ஒன்று. நோயாளியை மலையிலிருந்து கீழே கொண்டுவரும்போது என்ன செய்யச் சொல்லட்டும்? 20 கொண்டை ஊசி வளைவு, அடிவாரம் வந்து சேர்வதற்குள் வாந்தி எடுத்துவிடுகிறார்கள்.

மருந்தியல்_சேலம்:

அந்த வாந்திதான் ஆபத்து. பூச்சிமருந்தோடு கலந்திருக்கும் கரைப்பான் நுரையீரலுக்குள் போனால் தனி நோயாகிவிடும். இடது பக்கமாகப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, சக்‌ஷனோடு இறக்குங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஐ.வி. லைனும் முதல் அட்ரோபினும் ஏற்காட்டிலேயே முடியட்டும். ஆக்ஸிஜன் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சு ஆழம் குறைந்தால், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேகில் நிமிடத்துக்கு 10 முதல் 12. நேராக வாயில் வாய் வைத்து ஊத வேண்டாம்.

மருந்து அடிக்கும்போது மேலே பட்டவர் என்றால் கையுறை போட்டுக்கொண்டு சட்டையைக் கத்தரித்து எடுத்து, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தலை, நகக்கண் வரை கழுவுங்கள். தோல் செருப்பு, பெல்ட் கழுவினாலும் சுத்தமாகாது, எறிந்துவிடச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தவருக்கு ஏற்கெனவே இறுக்கிக் கயிறு கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய நஞ்சு ஒரேயடியாக ஏறி அந்த நிமிடமே மூச்சு நிற்கலாம், ஏ.எஸ்.வி. ஓட, அம்பு பேக் கையில் இருக்கும்போது அவிழ்க்க வேண்டும்.

பூச்சிமருந்துக் குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி ஆம்புலன்ஸிலேயே அனுப்பச் சொல்லுங்கள். லேபிளில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் நச்சின் வலிமையை மட்டும் சொல்லும். டைமீத்தைலா டைஈத்தைலா, கார்பமேட்டா என்று கண்டுபிடிக்க மருந்தின் பெயர் வேண்டும். லேபிள் கிழிந்திருந்தால் கடைப் பில்லையோ, ஸ்டோர் நோட்டில் அன்று எடுத்த வரியையோ போட்டோ பிடித்து அனுப்பினாலும் சரி.