காய்ந்த எல்டர் பூவில் நுரை வைன்: ஈஸ்ட் போடணுமா, தானாகவே பொங்குமா?

கருங்கல் பையன்
இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் அக்கா லீவுக்கு வந்தபோது ஒரு பொதி காய்ந்த எல்டர் பூ (அங்கே வேலியோரம் வளரும் மரத்தின் மணமுள்ள வெள்ளைப் பூ) கொண்டுவந்தாள். அங்கே ஜூன் மாதம் இந்தப் பூவைச் சீனித் தண்ணீரில் எலுமிச்சையோடு ஊறப் போட்டால், ஈஸ்ட் இல்லாமலே நுரைத்துவிடுமாம். நானும் 4 லிட்டர் தண்ணீரில் 600 கிராம் சீனி போட்டு, பரணியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன். ஒரு குமிழியைக் கூடக் காணோம். அம்மா ஆப்பத்துக்கு வைத்திருக்கும் ஈஸ்டைப் போடலாமா, பொறுத்திருக்கவா?

அக்கானி
பொறு மக்கா. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அக்கானி (பதநீர்) மத்தியானத்துக்குள் கள்ளாகிவிடும். அதற்கு யார் ஈஸ்ட் போட்டார்கள்?

தக்கலைக்காரன்
அக்கானி அண்ணே, பனஞ்சாற்றில் ஈஸ்டுக்கு வேண்டிய சத்தெல்லாம் இருக்கிறது. பழகிய கலயத்திலேயே ஈஸ்டும் குடியிருக்கும். இது வெறும் சீனித் தண்ணீர்.

தம்பி, காத்திருக்க வேண்டாம். நான் லீட்ஸில் இருந்தபோது பார்த்திருக்கிறேன், ஈஸ்ட் போடாதவர்கள் வெயில் பட்ட புதுப் பூவைப் பறித்துக் கழுவாமல் போடுவார்கள். மணமும் ஈஸ்டும் அந்தப் பூவிலும் மகரந்தத்திலும்தான். காய்ந்து பாக்கெட்டில் கிடந்த பூவில் மணம் மட்டும் மிச்சம். இனி உன் பரணியில் தானாக ஏதாவது கிளம்பினால் அது பூசணமாகவும் இருக்கலாம்.

புதுப் பூவிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலில் எழும்பும் காட்டு ஈஸ்டுகளில் பல, ஆல்கஹால் 5 சதவீதம் பக்கம் வந்ததும் சோர்ந்துவிடும். சீனி பாதியில் நிற்கும். முடிந்தது என்று பாட்டிலை மூடினால், பிறகு வேறொரு ஈஸ்ட் உள்ளே எழும்பி, பாட்டில் வெடிக்கலாம். காட்டு ஈஸ்டின் ருசி எனக்குப் பிடிக்கும், ஆனால் மூடிய பாட்டிலுக்குள் அதை நம்ப மாட்டேன்.

கணக்கைப் பார். லிட்டருக்கு 4 கிராம் சீனி புளித்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் (சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு). தடித்த ஷாம்பெயின் பாட்டிலில் இருப்பதே 6 பார் அளவுதான். உன் பரணியில் லிட்டருக்கு 130 கிராமுக்கு மேல் கிடக்கிறது! ஹைட்ரோமீட்டர் (சீனித் தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் மிதவைக் கருவி) இப்போது 1.05 காட்டும். 1.000 அல்லது அதற்குக் கீழே இறங்கி அங்கேயே நின்ற பிறகு, லிட்டருக்கு 12 கிராம் சீனி மட்டும் சேர்த்து பாட்டிலில் மூடு. கண்ணாடி வேண்டாம், சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அமுக்கினால் கல்லாக இருந்தால் உடனே ஃபிரிட்ஜ்.

ஆப்ப ஈஸ்டும் வேலை செய்யும். ஆனால் ரொட்டி மணம் வரும், அடியில் இறுகப் படியாது, ஊற்றும்போது கலங்கும். ஷாம்பெயின் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் ஆன்லைனில் கிடைக்கும், உனக்கு அதில் கால்வாசியே தாராளம். 30 டிகிரிக்கு மேல் அதற்கு ஆகாது, பரணியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டு.

குளச்சல் அக்கா
கிறிஸ்மஸ் வைனுக்கு நாங்கள் திராட்சையைப் பிசைந்து போடுவோம், ஈஸ்ட் போடாமலே பொங்கும். திராட்சையில் நைட்ரஜன் சத்து இருக்கிறது தம்பி, பூத்தண்ணீரில் இல்லை. ஈஸ்டுக்கான சத்துப்பொடியும் சேர்த்தே வாங்கு. அப்புறம், நம்ம மாநில மதுவிலக்குச் சட்டத்தில் வீட்டு வைனுக்குத் தனி விலக்கு எதுவும் கிடையாது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே.

கருங்கல் பையன்
சரி, ஆர்டர் போட்டாச்சு. பாக்கெட் வரும்வரை பரணியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? அம்மா மீன் குழம்புச் சட்டியை எடுக்க மாட்டேன் என்கிறாள்.

தக்கலைக்காரன்
பூவை வடித்துவிட்டு, தண்ணீரை மட்டும் கொதிக்கவிட்டு ஆற வைத்து, சுத்தமான பாட்டில்களில் ஊற்றி வை. சட்டிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும்.