அப்பா நம்பருக்கு யாரோ வாங்கின கடனைக் கேட்டு மிரட்டல், என்ன செய்யலாம்?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை):
வணக்கமுங்க. அப்பாவுக்குப் போன மாசம் புது சிம் வாங்கிக் கொடுத்தோம். அன்னையிலிருந்து யாரோ ஒருத்தர் பேரைச் சொல்லி, தவணை எப்பக் கட்டுவீங்கன்னு ஓயாம போன். அந்தப் பேர்ல எங்க சொந்தத்துலயே யாருமில்லை. ஒருத்தன் தமிழ்ல பேசறான், இன்னொருத்தன் மலையாளத்துல. எந்த ஃபைனான்ஸ்னு கேட்டா கோயமுத்தூர் ஆபீஸ்னு மட்டும் சொல்றாங்க. காலைல ஆறு மணிக்கு, அப்பா தோப்புல தண்ணி திருப்பிட்டு இருக்கறப்பவும் வந்துச்சு. "நீ அவன் இல்லைன்னா ஆதாரை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பு, நம்பறோம்"னு சொல்லியிருக்கான். அப்பா அட்டையைக் கட்டில்மேல வெச்சு ஃபோட்டோ எடுக்கப் போயிட்டார், அம்மா பார்த்துத் தடுத்துட்டாங்க. நேத்து, வீட்டுக்கு ஆள் அனுப்பறோம்னு மிரட்டல். இப்ப தேங்கா வியாபாரி கூப்பிட்டாக்கூட அப்பா எடுக்கறதில்லை. நாங்க இருக்கறது கேரளா, அவங்க தமிழ்நாடு. எங்க போய்ச் சொல்றது?

வேலந்தாவளம்:
அம்மா தடுத்தது ரொம்ப நல்லதுங்க. ஆதார், பான், ஓடிபி எதையும் அவங்களுக்குக் கொடுக்காதீங்க. நீங்க யாருன்னு அவங்ககிட்ட நிரூபிக்கவேண்டிய கடமையே உங்களுக்கு இல்லை. ஒருத்தர் விட்ட நம்பரை 90 நாள் கழிச்சு வேறொருத்தருக்குக் கொடுப்பாங்க. பழைய ஆள் வாங்கின கடன்ல இந்த நம்பர் அப்படியே கிடக்குதுன்னு நினைக்கறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் (பொள்ளாச்சி):
அதேதான் என் கணிப்பும். கம்பெனி பேர் தெரியாம ஒண்ணும் நகராது, அதனால முதல்ல அப்பா போன்ல எஸ்எம்எஸ்ஸைத் தேடிப் பாருங்க. பழைய ஆளுக்குப் போகவேண்டிய தவணை நினைவூட்டல் இதே நம்பருக்குத்தான் வரும். அதுல நிறுவனத்தோட பேரும், பல சமயம் கடன் எண்ணோட கடைசி இலக்கங்களும் இருக்கும். லிங்க் இருந்தா தொடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துக்குங்க.

பேர் கிடைச்சதும், அந்த நிறுவனத்தோட இணையதளத்துல குறைதீர்ப்பு அதிகாரி முகவரி இருக்கும், அதுக்கு எழுத்துல அனுப்புங்க. இந்த எண் இப்ப எங்களோடது, கடன்காரரை எங்களுக்குத் தெரியாது, பதிவிலிருந்து நீக்குங்க, அவ்வளவு போதும். அழைப்பு வந்த நேரமும் எண்ணும் சேர்த்துக்குங்க. அந்த ஆறு மணி அழைப்பை மறக்காம எழுதுங்க. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட்ல தெளிவா சொல்லியிருக்கு. மிரட்டக்கூடாது, கடன்காரரோட குடும்பத்தையும் நண்பர்களையும்கூட தொல்லை பண்ணக்கூடாது. ஏஜென்ட் செய்யறதுக்கு நிறுவனம்தான் பொறுப்பு. சம்பந்தமே இல்லாத ஒரு பெரியவரை இப்படி நடுங்க வைக்கறதைப் படிச்சு மனசு கொதிக்குது.

30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது வங்கி, ஃபைனான்ஸ் கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரிக்குப் போகலாம். 14448-ல கூப்பிட்டா வழி சொல்வாங்க. 2021 நவம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே திட்டம், நீங்க எந்த மாநிலம்னு அங்க பிரச்சனையே வராது.

தென்னந்தோப்பு:
நீங்க சொன்ன மாதிரியே எஸ்எம்எஸ்ல பேர் கிடைச்சுதுங்க! மெயில் இப்பவே போடறேன். ஒரு பயம் மட்டும் இருக்கு. அப்பா பான் கார்டை வெச்சே யாராவது கடன் எடுத்திருப்பாங்களோ?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் (பொள்ளாச்சி):
வேற பேரைச் சொல்லிக் கேக்கறதால அது சந்தேகந்தான். ஆனாலும் பார்த்துடுங்க. யார் பேர்ல என்ன கடன் இருக்குன்னு பதிவு வெச்சிருக்கற சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலு கம்பெனியுமே வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமா தரணும். அவங்க சொந்தத் தளத்துல போய் எடுங்க, நடுவுல வேற ஆப் வேண்டாம். அப்பா வாங்காத கடன் அதுல இருந்தா அங்கேயே தகராறு பதியலாம், 30 நாளுக்குள்ள தீர்க்கணும். சஞ்சார் சாத்திங்கற மத்திய அரசுத் தளத்துல அப்பா பேர்ல எத்தனை சிம் இருக்குன்னும் பார்த்துக்குங்க.

வேலந்தாவளம்:
போலீஸ் விஷயம். உங்க ஸ்டேஷன்லயே மனு கொடுங்க, ரசீது வாங்காம வராதீங்க. கோயமுத்தூர் போகச் சொன்னா ஒத்துக்காதீங்க, மிரட்டல் வந்தது உங்க வீட்டுக்கு. 2024 ஜூலையில வந்த புதுச் சட்டப்படி, பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றமா இருந்தா எந்த ஸ்டேஷன்லயும் பதியணும், எல்லையைக் காரணம் காட்ட முடியாது.

யாராவது வீட்டுக்கு வந்தா உள்ளே விடாதீங்க. அடையாள அட்டையும் நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதமும் கேளுங்க, ஃபோட்டோ எடுங்க. காட்ட மறுத்தா 112. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க, பகல்ல அப்பாவும் அம்மாவும் தனியா இருப்பாங்கல்ல.

தென்னந்தோப்பு:
மெயில் போயிடுச்சு, புகார் எண்ணும் வந்துடுச்சு. நாளைக்குக் காலைல அப்பாவைக் கூட்டிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன். வியாபாரி நம்பரைப் பேர் போட்டு சேவ் பண்ணி, அதுக்குத் தனி ரிங்டோன் வெச்சுக் கொடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.