குழல் மூட்டுகள்: உங்கள் அனுபவம் என்ன?

குளக்கட்டு (கிளிநொச்சி):
கண்காட்சிப் போட்டிக்குப் பத்திரிகைத் தாளைக் குழல்களாகச் சுருட்டிப் பாலம் செய்தோம். எல்லாம் முக்கோணம்தான். மூட்டுகளில் துளை போட்டுக் கட்டுக்கம்பி கோர்த்திருந்தோம். செங்கல் ஏற்ற ஏற்ற ஒரு குழல்கூட வளையவில்லை. ஆனால் கீழ்ச் சட்டத்து நடுமூட்டில் கம்பி தாளை மெல்ல அறுத்துக்கொண்டு வந்தது. நடுவர் குனிந்து அந்தக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அந்த விரல் இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. நீங்கள் எப்படிப் பூட்டினீர்கள்?

மாங்குளத்தான்:
துளை போட்டால் கிழியத்தானே செய்யும் அண்ணை. நாங்கள் ஸ்ரோவில் இருபதுமுகி, அதாவது இருபது முக்கோண முகமுள்ள உருண்டை மாதிரி உருவம் செய்தோம். 30 ஸ்ரோ, 12 மூட்டு. சைக்கிள் வால்வு ரப்பர் ரியூபைத் துண்டு துண்டாக வெட்டி, மூட்டுக்கு ஐந்தாகக் கம்பியில் கோர்த்து, முனைகளை ஸ்ரோவுக்குள் திணித்தோம். கடைசி ஸ்ரோ வரைக்கும் தொய்ந்து ஆடிக்கொண்டே இருந்தது. அதையும் திணித்ததும் அப்படியே விறைத்துக்கொண்டது! கையில் வைத்திருந்த தங்கச்சி பயந்து கீழே போட்டுவிட்டாள். ரப்பர் மூட்டை மிஞ்ச ஒன்றுமில்லை.

முல்லை ரீச்சர்:
தம்பி, அது ரப்பரின் கெட்டித்தனம் இல்லை. அதே ரப்பரால் ஒரு கனசதுரம் செய்து பாருங்கள், சரிந்து படுத்துவிடும். ஆடாமல் நிற்க எத்தனை குழல் வேண்டும் என்று அறிய, மூட்டுகளின் எண்ணிக்கையை 3 ஆல் பெருக்கி 6 ஐக் கழிக்க வேண்டும். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1864 இல் சொன்ன கணக்கு. இருபதுமுகிக்குச் சரியாக 30 வரும். கனசதுரத்துக்கு 18 வேண்டும், இருப்பதோ 12. ஆறு முகத்திலும் ஒவ்வொரு மூலைவிட்டம் போட்டால்தான் நிற்கும். பாலத்தில் பாரம் ஏறினால் உங்கள் ரப்பர் இழுபட்டுக் கழன்றுவிடும்.

சைக்கிள்கடை:
எஸ்லோன் (பி.வி.சி.) பைப்பில் பந்தல் போட்டு அனுபவம். அதன் கம் பைப்பையே கொஞ்சம் கரைத்துத்தான் ஒட்டுகிறது, ஸ்ரோவில் பிடிக்காது. என் கதை அவ்வளவுதான்.
குளக்கட்டு அண்ணைக்கு ஒரு யோசனை: பூவரசந் தடியைச் சீவி, குழல் வாய்க்குள் இரண்டு விரல் நீளத்துக்குப் பசையோடு இறக்குங்கள். வெளியே நூலால் இறுக்கிச் சுற்றி, காய்ந்த பிறகு கட்டையோடு சேர்த்துத் துளையுங்கள். அப்போது கம்பி மரத்தில்தான் இழுக்கும், தாளில் இல்லை. மாப்பசை என்றால் கொஞ்சம் துரிசு (மயில்துத்தம்) கலவுங்கள், இல்லாவிட்டால் பூச்சி தின்றுவிடும். அப்புறம் குழலின் நீளத்தையும் குறையுங்கள். நீளம் இரட்டித்தால் வளையாமல் தாங்கும் பாரம் கால்வாசியாகிவிடும்.

குளக்கட்டு:
குழல் வளையவில்லை என்று முதலிலேயே எழுதினேனே! கட்டை யோசனை நல்லது, ஆனால் போட்டியில் மரம் கூடாது. தாளையே கெட்டியாகச் சுருட்டி உள்ளே இறக்கினால் கம்பியைத் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.